பகா எண் சீட்டாட்டம்: பட்டியல் வேண்டாம், கடைசிச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: சாதாரண சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு பகா எண்களை மட்டுமே இறக்கி ஆடும் ஜப்பானிய விளையாட்டு ஒன்று இருக்கிறதாமே, அதை எப்படி ஆடுவது? பகா எண் பட்டியல் மனப்பாடமாக இருந்தால்தான் ஜெயிக்க முடியுமா? கணக்கில் சுமாரானவர்கள் உட்கார்ந்தால் தோல்விதானா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனப்பாடம் உதவும், ஆனால் அது இல்லாமலே நன்றாக ஆடலாம். இந்த ஆட்டத்தில் தோற்பவர்களில் பெரும்பாலோர் பகா எண் தெரியாமல் தோற்பதில்லை. எண்ணின் கடைசியில் வைக்கக்கூடிய சீட்டுகளை முதல் சில சுற்றுகளிலேயே செலவழித்துவிட்டு, கை நிறைய இரட்டைப்படைச் சீட்டுகளோடு முழிப்பதால்தான் தோற்கிறார்கள். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அதற்கு முன் விதிகள்.

ஜப்பானில் டைஃபுகோ என்று ஒரு பிரபலமான சீட்டாட்டம் உண்டு. முன்னால் ஆடியவர் போட்டதைவிடப் பெரிய சீட்டைப் போட்டு, கையை முதலில் காலி செய்பவர் ஜெயிப்பார். அதன்மேல் பகா எண்களை ஏற்றி, செகி ஷினிச்சிரோ என்ற கணிதவியலாளர் 2014-இல் உருவாக்கியதுதான் நீங்கள் கேட்கும் ஆட்டம். ஏஸ் 1, ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, மற்றவை முகமதிப்பு. சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை ஒட்டி ஒரே எண்ணாகின்றன. 4, 7 வைத்தால் 47. ராணி, ராஜா வைத்தால் 1213. அப்படி வரும் எண் பகா எண்ணாக இருக்க வேண்டும். முதலில் இறக்குபவர் எத்தனை சீட்டு வைத்தாரோ அத்தனை சீட்டில்தான் அடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும். எண்ணும் பெரிதாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் பாஸ். எல்லோரும் பாஸ் சொன்னால் களம் காலியாகி, கடைசியாக இறக்கியவர் புதிதாகத் தொடங்குவார். தன் முறை வரும்போது ஒருவர் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். இருவர் ஆடினால் ஆளுக்கு 11 சீட்டு வைத்துக்கொள்வது வழக்கம்.

நீங்கள் வைத்தது பகா எண் இல்லையென்றால்? வைத்த சீட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அத்தனை சீட்டுகளைக் கட்டிலிருந்தும் தண்டனையாக எடுக்க வேண்டும், முறையும் போய்விடும். சரிபார்க்க செல்பேசியில் ஏதாவது ஒரு பகா எண் செயலி இருந்தால் போதும். இறக்கிய பிறகுதான் அதைத் தொட வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு.

ஜோக்கர் 0 முதல் 13 வரை எதுவாகவும் நிற்கும். தனியாக வைத்தால் ஒற்றைச் சீட்டில் அதை மிஞ்ச எதுவும் இல்லை.

இரண்டு சிறப்பு எண்கள் உண்டு, இரண்டுமே பகா எண்கள் அல்ல. முதலாவது 57. அலெக்சாண்டர் குரோதெண்டீக் என்ற மாபெரும் கணிதவியலாளரிடம் யாரோ ஒரு பகா எண்ணை எடுத்துக்காட்டாகக் கேட்க, அவர் யோசிக்காமல் 57 என்று சொன்னதாக ஒரு கதை. 57 என்பது 3 × 19. அவர் பெயரால் இந்த ஆட்டத்தில் மட்டும் 57-க்கு மன்னிப்பு உண்டு: 5, 7 இரண்டையும் சேர்த்து இறக்கினால் களம் உடனே காலி, மறுபடி நீங்களே தொடங்கலாம். இரண்டாவது 1729. ராமானுஜன்–ஹார்டி டாக்சி எண் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண், 1³ + 12³ என்றும் 9³ + 10³ என்றும். ஏஸ், 7, 2, 9 என்று நான்கு சீட்டாக இதை இறக்கினால் ஆட்டமே தலைகீழாகிறது. அதன் பிறகு சின்ன எண்தான் பெரிய எண்ணை வெல்லும். ஜப்பானில் இதை ராமானுஜன் புரட்சி என்றே சொல்கிறார்கள்.

கடைசி விதி, என் கணிப்பில் ஆட்டத்திலேயே அழகான விதி: பகு எண்ணையும் இறக்கலாம், அதன் பகாக் காரணிகளையும் கையிலிருந்தே காட்ட முடிந்தால். 10-ஐ வைக்க வேண்டுமா? கூடவே 2, 5 இரண்டையும் காட்டுங்கள். 2 × 5. மூன்று சீட்டும் போய்விடும், ஆனால் களத்தில் கணக்கு ஒற்றைச் சீட்டு 10 தான். அடுக்குகளுக்கும் சீட்டு வைக்கலாம். 8-ஐ வைத்து 2, 3 காட்டினால் அது 2³. இதில்தான் பெருக்கல் வருகிறது, தோற்கவேண்டிய கையும் இதில்தான் பிழைக்கிறது. பின்னால் ஒரு உதாரணம் தருகிறேன்.

சரி, இப்போது அந்தக் கடைசிச் சீட்டு விஷயம். ஒற்றை இலக்கத்தைத் தாண்டிய பகா எண் எதுவும் 1, 3, 7, 9 இவற்றில்தான் முடியும். சீட்டில் பார்த்தால் ஏஸ், 3, 7, 9, ஜாக்கி, ராஜா ஆகிய ஆறு வகைதான் முடிக்கும் சீட்டுகள். கட்டில் 52-க்கு 24 சீட்டு. மீதி 28 சீட்டுகள், அதாவது 2, 4, 5, 6, 8, 10, ராணி, எண்ணின் முன்பகுதியில் மட்டும் உட்காரத் தகுந்தவை. (2-ம் 5-ம் தனியாக இறங்கலாம், அவ்வளவுதான்.) 11 சீட்டில் சராசரியாக ஐந்து சீட்டுதான் முடிக்கும் சீட்டாக வரும். உங்களால் எத்தனை முறை இறக்க முடியும் என்பதற்கு அந்த ஐந்துதான் ஏறக்குறைய உச்சவரம்பு.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் புதியவர்களின் ஆட்டம் ஏன் பாதியில் நின்றுபோகிறது என்று புரியும். 79 பகா எண் என்று தெரிந்ததும் 7-ஐயும் 9-ஐயும் சேர்த்து இறக்கிவிடுவார்கள். ஒரே இறக்கலில் இரண்டு முடிக்கும் சீட்டு போய்விட்டது. அதே 7-க்கு முன் 4 வைத்து 47, 9-க்கு முன் 8 வைத்து 89 என்று பிரித்தால் இரண்டு இறக்கல், நான்கு சீட்டு. முன்னால் இரட்டைப்படை, பின்னால் ஒரே ஒரு முடிக்கும் சீட்டு என்பதை அடிப்படைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 57-ஐக்கூட இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பலர் அதை ஒரு வேடிக்கை விதி என்று நினைக்கிறார்கள். ஆனால் எந்த எண்ணின் கடைசியிலும் நிற்க முடியாத 5 அதில் கழிகிறது, தொடங்கும் உரிமையும் உங்களிடமே இருக்கிறது. மலிவான பேரம்.

அடுத்தது மூன்றால் வகுபடும் சோதனை. பள்ளியில் படித்ததுதான்: இலக்கங்களைக் கூட்டி, கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும். சீட்டாட்டத்தில் இது இன்னும் சுலபமாகிறது. 10-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், சீட்டுகளை ஒட்டுவதும் கூட்டுவதும் மீதியைப் பொறுத்தவரை ஒன்றுதான். ஆகவே சீட்டு மதிப்புகளை அப்படியே கூட்டினால் போதும். வரிசை முக்கியமே இல்லை. 2, 4, 9 கையில் இருந்தால் கூட்டுத்தொகை 15. எப்படி மாற்றி வைத்தாலும் பகா எண் வராது. ஆறு வரிசைகளையும் மனதில் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே மதிப்புள்ள மூன்று சீட்டுகளைச் சேர்த்து வைத்தாலும் இதே கதிதான்.

நான் கையை அடுக்கும்போதே மூன்று கும்பலாகப் பிரித்துக்கொள்வேன். மீதி 0 வருபவை 3, 6, 9, ராணி. மீதி 1 வருபவை ஏஸ், 4, 7, 10, ராஜா. மீதி 2 வருபவை 2, 5, 8, ஜாக்கி. இரண்டு சீட்டு இறக்கலாக இருந்தால் முதல் கும்பலில் ஒன்றும் மற்றதில் ஒன்றும் எடுக்கலாம், அல்லது இரண்டாம் கும்பலிலேயே இரண்டு, மூன்றாம் கும்பலிலேயே இரண்டு எடுக்கலாம். இரண்டாம் கும்பலும் மூன்றாம் கும்பலும் ஒன்றாகச் சேரவே கூடாது. முதல் கும்பலில் இரண்டும் கூடாது. ராஜாவுக்கு முன்னால் 2, 5, 8, ஜாக்கி எது வைத்தாலும் வீண் என்பது இப்படி ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மூன்றைத் தாண்டினால் அதிகம் மாட்டவைப்பது 7. 91 (7 × 13), 119 (7 × 17), 133 (7 × 19), 413 (7 × 59), 511 (7 × 73) எல்லாம் பார்க்க அப்பாவியாக இருக்கும். கடைசி இலக்கத்தை இரட்டித்து மீதமுள்ள பகுதியிலிருந்து கழித்துப் பாருங்கள். 413-இல் 41-இலிருந்து 6 போனால் 35, ஆகவே 7-இன் மடங்கு. எண் மூன்று இலக்கத்துக்கு மேல் போனால் இன்னொரு உத்தி: வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 1001 = 7 × 11 × 13 என்பதால், கழித்து வருவதை 7, 11, 13 மூன்றுக்கும் ஒரே வீச்சில் சோதிக்கலாம். ராணி, ஜாக்கி சேர்ந்த 1211-இல் 211 − 1 = 210; 7-ஆல் வகுபடும், வேண்டாம். இரண்டு ராஜா, 1313: 313 − 1 = 312; 13-இன் 24 மடங்கு, அதுவும் வேண்டாம். இரண்டு ராஜா, ஒரு ஜாக்கி, 131311: 311 − 131 = 180; மூன்றுமே வகுக்காது. 131311 உண்மையிலேயே பகா எண்தான். மூன்று சீட்டில் வரக்கூடிய மிகப் பெரிய பகா எண்ணும் அதுவே, ஏனென்றால் அதற்கு மேலே இருக்கும் ராஜா-ராஜா-ராணி இரட்டைப்படை, மூன்று ராஜா 3-இன் மடங்கு. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஆட்டத்தையாவது அது காப்பாற்றும்.

இந்தச் சோதனைகளில் தேறிய எண்ணைத் துணிந்து இறக்கலாமா? இது நல்ல கேள்வி, இதற்குக் கணக்கு போடலாம். நான்கு இலக்க எண்கள் 9000. அவற்றில் பகா எண்கள் 1061. ஏறக்குறைய நூறில் 12. ஆனால் 1, 3, 7, 9-இல் முடிபவை, 3-ஆல் வகுபடாதவை என்று வடிகட்டிவிட்டால், மிஞ்சுவதில் நூறுக்கு 44 பகா எண். ஆறு இலக்கத்தில் மொத்தம் 9,00,000-க்கு 68,906. அதே வடிகட்டலுக்குப் பின் நூறுக்கு 29, 1001 சோதனையும் செய்துவிட்டால் 40. எட்டு இலக்கத்தில் எல்லாச் சோதனைக்கும் பிறகும் நூறுக்கு 30 அளவுதான் நிற்கும். ஆக, எதுவுமே மனப்பாடம் இல்லாத ஒருவர் முப்பது நொடி மனக்கணக்கில், ஏறக்குறைய நாணயம் சுண்டுவதற்குச் சற்றுக் குறைவான வாய்ப்பை அடைகிறார்.

அது போதுமா என்பது ஆட்டத்தின் கட்டத்தைப் பொறுத்தது. மூன்று சீட்டு வைத்து அது தவறானால் கையில் மூன்று கூடுகிறது, சரியானால் மூன்று குறைகிறது. முறையும் போகும் என்பதால் பாதிக்குக் குறைவான வாய்ப்பில் போடுவது கணக்குப்படி நஷ்டம். ஆனாலும் ஆட்டத் தொடக்கத்தில் தண்டனைச் சீட்டு அவ்வளவு கெட்டதல்ல என்பது என் கருத்து. முடிக்கும் சீட்டு இரண்டே இரண்டு வைத்துக்கொண்டு இருப்பவருக்கு, புதிதாக வரும் சீட்டுகளில் ஏறக்குறைய பாதி முடிக்கும் சீட்டாக இருக்கும். எதிராளி கையில் நான்கு சீட்டு மட்டும் இருக்கும்போது மட்டும் இந்த வீரம் வேண்டாம்.

மனப்பாடம் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்பது எண்கள் சொல்கிறேன். ஜாக்கியில் முடியும் இரண்டு சீட்டுப் பகா எண்கள் நான்குதான்: 211, 311, 811, 911. ராஜாவில் முடிபவை ஐந்து: 113, 313, 613, 1013, 1213. இரண்டு சீட்டுப் போட்டியில் கடைசி வார்த்தை பெரும்பாலும் இந்த ஒன்பதில் ஒன்றாகத்தான் இருக்கும். நான்கு இலக்கத்தில் வருவது 1013-ம் 1213-ம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள், இரண்டுக்குமே ராஜா வேண்டும். நான்கு ராஜாக்களும் இறங்கிவிட்டதென்றால், ஜோக்கரையும் பகு எண் இறக்கலையும் விட்டுப் பார்த்தால், உங்கள் 911-ஐ மிஞ்ச ஆளில்லை. ஆகவே எத்தனை ராஜா போயிற்று என்று எண்ணிக்கொண்டே இருங்கள். பகா எண் தெரிந்தவரைவிட ராஜாவை எண்ணுபவர் அதிகம் ஜெயிப்பதைப் பார்க்கலாம். கூடவே ஒரு பொறி: 7, ராஜா சேர்ந்த 713. மேலே சொன்ன சோதனை எல்லாவற்றிலும் தேறிவிடும், ஆனால் அது 23 × 31.

இப்போது பகு எண் உதாரணம். கையில் 2, 2, 5, 10, ஜாக்கி, ராணி என்று ஆறு சீட்டு மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடிக்கும் சீட்டு ஜாக்கி ஒன்றுதான். 2 தனியாகப் போகும், 5 தனியாகப் போகும், 2-ம் ஜாக்கியும் 211 ஆகும். 10-ம் ராணியும் அப்படியே தேங்கி நிற்கும். செத்த கை போலத்தான் தெரியும். ஆனால் ராணியையும் 10-ஐயும் சேர்த்தால் 1210. அதன் காரணிகள் 2 × 5 × 11². காட்ட வேண்டியவை 2, 5, ஜாக்கி, அடுக்குக்கு இன்னொரு 2. ஆறு சீட்டும் ஒரே இறக்கலில் காலி! களத்தில் இரண்டு சீட்டு எண்ணாக 1013 இருந்தால்கூட அதன்மேல் இது ஏறும்.

இப்படிப்பட்ட எண்கள் இன்னும் சில கையில் இருந்தால் நல்லது. 10, 2, 4 வைத்தால் 1024, அது 2¹⁰. காட்ட இன்னொரு 2-ம் இன்னொரு 10-ம். ஏஸ், 2, 8 வைத்தால் 128, அது 2⁷. ராஜா, 3, ஏஸ் வைத்தால் 1331, அது 11³. ஒரு ஜாக்கியும் ஒரு 3-ம் காட்ட வேண்டும். ராணி தனியாக 12, அதாவது 2² × 3. இரண்டு 2, ஒரு 3. இரட்டைப்படை குவிந்த கையைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாமல் அதில் என்ன பெருக்கல் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். 2-ஐ மட்டும் அவசரப்பட்டுத் தனியாக இறக்கிவிடாதீர்கள். காரணியாகவும் அடுக்காகவும் அதைவிட உபயோகமான சீட்டு கட்டில் இல்லை.

1729 பற்றிக் கொஞ்சம். பெயருக்காகவே அதை இறக்க ஆசை வரும், எனக்கும் வரும். ஆனால் அதில் ஏஸ், 7, 9 என்று மூன்று முடிக்கும் சீட்டு போகிறது, விலை அதிகம். ராஜாக்கள் எல்லாம் எதிராளியிடம் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால், உங்களிடம் சின்னச் சீட்டுகள் மிஞ்சியிருந்தால், அப்போது தயங்காமல் போடலாம். புரட்சிக்குப் பிறகு ஒற்றைச் சீட்டுப் பகா எண்களில் 2-க்குத்தான் முதலிடம், இரண்டு சீட்டில் ஏஸ்-ஏஸ் சேர்ந்த 11 தான் உச்சம். எதிராளி பத்திரமாகச் சேர்த்து வைத்த 1213 அப்போது அவருக்கே பாரம்.

ஜோக்கரைத் தனியாகப் போட்டுக் களத்தைப் பிடிப்பது சுலபமான வழி. ஆனால் அதை எண்ணின் கடைசியில் வைத்தால் 1, 3, 7, 9, 11, 13 என்று ஆறு வாய்ப்பு கிடைக்கிறது. முன்னால் என்ன குப்பை இருந்தாலும் ஏதாவது ஒன்று பகா எண்ணாக அமைய நல்ல வாய்ப்பு. கையில் முடிக்கும் சீட்டே இல்லாதபோது அங்கேதான் அதன் மதிப்பு அதிகம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கணக்கில் சுமாரானவர்கள், சின்னப் பிள்ளைகள் சேர்ந்து ஆடினால் முதல் சில ஆட்டங்களுக்கு ஜாக்கி, ராணி, ராஜா மூன்றையும் எடுத்துவிட்டு, ஆளுக்கு ஏழு சீட்டோடு, இரண்டு சீட்டுக்கு மேல் இறக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகு எண் விதியும் வேண்டாம். அப்போது, ஜோக்கரை விட்டுப் பார்த்தால், வரும் பகா எண்கள் 109-க்குள் அடங்கிவிடும், 2, 3, 5, 7 நான்கால் வகுத்துப் பார்த்தாலே போதும். நூறுக்குள் இருக்கும் 25 பகா எண்களையும், கூடவே 101, 103, 107, 109 நான்கையும் ஒரு தாளில் எழுதி நடுவில் வைத்துவிட்டால் யாருக்கும் பயம் இருக்காது. 57-ஐ மட்டும் அந்தத் தாளில் எழுதாமல் விதியாக வாயால் சொல்லுங்கள். படச்சீட்டுகளைத் திரும்பச் சேர்க்கும்போது மூன்று கும்பல் பிரிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுங்கள், பகு எண் இறக்கலை அதற்கும் பிறகு. நான்கு பேருக்கு மேல் ஆடுவதானால் இரண்டு கட்டு சேர்த்துக்கொள்வது நல்லது, தண்டனைச் சீட்டுக்கே ஒரு கட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும்.